சரக்குத் தூள் எத்தனை நாளைக்கு இருக்கும்?

...இரண்டு பிள்ளைகளின் தாய் என்று எழுதியிருக்கிறான், ஒன்றல்ல, இரண்டு, கொடுப்பதென்றால் தாராளமாகக் கொடுக்கிற ஆள்தான், என் வெப்சைட்டைப் பார்க்கிற இந்த ஹஸ்மி, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, ஏன் கேட்கப்போகிறான், பிள்ளை பெற்றவளுக்கு எந்த மீன் ஆகும், எது உடம்புக்குக் கிரந்தி, பால் ஊற என்ன கொடுக்கவேண்டும், உள்ளியை எந்த நேரத்தில் சட்டிக்குள் போடவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறவளுக்குப் பிள்ளை இல்லை என்று யாருக்குத்தான் தோன்றும்... மேசையில் மடிக்கணினி திறந்து கிடக்கிறது, திரையில் 'எழுதியவர் பற்றி' என்று ஒரு பெட்டி, அதற்குள் கிண்ணியாவில் இருந்துகொண்டு அவன் எனக்காக எழுதிய மூன்று வரி. கீர்த்தனி நிதுசன், திருகோணமலை. இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைப்பேற்றுப் பத்தியத்தில் நீண்டகால அனுபவம் உள்ளவர். கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். "வாசிச்சுப் பாத்திட்டு, சரியெண்டா அத அமத்துங்க அக்கா, பகலைக்குள்ள அமத்தினீங்கண்டா மத்த வேலையெல்லாம் நான் முடிச்சிடுவன்" என்று குரற்பதிவு வேறு. அமத்தினால் போதும். ஒரு விரல் வேலை. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிடும், வலி இல்லை, கத்தல் இல்லை, ஆஸ்பத்திரியில் வாங்கில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை... குசினிக்குள் சட்டி கொதிக்கத் தொடங்கிவிட்டது, நெருப்பைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் சுறா கரைந்து போய்ப் படத்தில் ஒன்றும் தெரியாது.

படம்... அதற்காகத்தான் இந்தச் சுறாவே. வேறு யாருடைய படத்தையும் எடுத்துப் போடாதீங்க, உங்கட சட்டி, உங்கட அகப்பை, உங்கட கை தெரியிற மாதிரி எடுங்க, அப்பத்தான் நீங்க உண்மையிலயே சமைக்கிற ஆள் எண்டு விளங்கும் என்று ஹஸ்மி சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தியக் கறி. இன்றைக்கும் விடியக் கடற்கரைக்குப் போனேன், தங்கேஸ்வரியக்கா சாக்கை விரித்து மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார், அந்த மனிசிக்குக் கண் மீனில் இருக்காது, வாங்க வருகிறவர்களின் முகத்தில்தான் இருக்கும், "என்ன மகள், திரும்பவும் பால்சுறாவோ? போன கிழமையும் கொண்டுபோனனீ" என்றார், நான் மீனைப் புரட்டினேன், சும்மா இருக்கக்கூடிய வாயா அது, "தங்கச்சி திரும்பப் பெத்திட்டாளோ?" என்றார். இல்லையக்கா, படம் எடுக்க என்று சொல்லலாம், சொன்னால் என்ன படம், ஏன் படம், பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளைப்பெற்றவளின் கறியைக் காய்ச்சிப் படம் எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்பார், கேட்காவிட்டாலும் அந்தக் கண் கேட்கும்... "ஓமக்கா" என்று வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்ன பிள்ளை?" "பொம்பிளைப் பிள்ளை." எங்கிருந்து வந்தது அந்தச் சொல், நான் யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. "அட கடவுளே, ரெண்டு பொடியனுக்குப் பிறகு ஒரு பெட்டை!" என்று அவர் கையை இடுப்புச் சீலையில் துடைத்துவிட்டு நாலைந்து முரல் மீனை எடுத்து என் பைக்குள் போட்டார், "இது நான் பிள்ளைக்குத் தாறன், தாய்க்குப் பால் நல்லா வரட்டும்."

முரல் பைக்குள் கிடக்க, உட்துறைமுக வீதியால் நடந்து வந்தேன், வெயில் ஏறவில்லை, கச்சான் காற்று மட்டும் மண்ணை வாரி முகத்தில் அடித்தது, ஒழுங்கை மூலையில் ஊருக்குள் திரிகிற மான் ஒன்று யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றது, எல்லாம் வழக்கம்போலத்தான், ஆனால் நான் தனியே வரவில்லை. அந்தப் பிள்ளையும் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வழி முழுக்க அதற்குத் தலைமயிர் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன், தங்கச்சி லோஜனாவின் பொடியன்கள் இரண்டும் பிறந்தபோது மொட்டை, இது அப்படி இல்லை, நல்ல கறுத்த சுருள் மயிர், அம்மாவுக்கு இருந்த மாதிரி, கை நகம் நீளமாக, முகத்தைக் கீறிவிடும் என்று சின்னத் துணியுறை போட்டு... படலையைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது, லோஜனா நிலாவெளியில் குந்தியிருந்து மூத்தவனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பாள், பாவம், தான் பெற்றதே அவளுக்குத் தெரியாது. சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, மீன் கழுவப் போனேன்.

தெரியாமல் இருக்குமா, தங்கேஸ்வரியக்காவின் மருமகள் நிலாவெளிதானே. உள்ளியை உரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, லோஜனா, எடுத்த கையோடு சிரிப்பு, "அக்கா, எனக்குப் பிள்ளை பிறந்திருக்காமே! ஊரெல்லாம் சொல்லுதுகள், எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்ல!" நானும் சிரித்தேன், என்ன செய்வது, "ஓமடி, பொம்பிளைப் பிள்ளை, சுகப்பிரசவம்" என்றேன். "உனக்கு விசரே? மாமி வந்து என்ர வயித்தைப் பாத்திட்டுப் போறா" என்று இன்னும் சிரித்தாள், அடுத்த மூச்சில் சிரிப்பில்லை, குரல் சின்னதாகப் போய்விட்டது. "அக்கா... உண்மையாச் சொல்லு, ஆருக்குப் பால்சுறா? உனக்கு ஏதும்... நாள் தள்ளிப் போயிருக்கோ?" அந்தக் குரலில் இருந்ததை நான் என்னவென்று சொல்ல, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது, எனக்கு இல்லை என்பதைவிட அதை அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "இல்லையடி, வெப்சைட்டுக்குப் படம் எடுக்க" என்றேன். "ஓ..." என்றாள். "அது சரி... அதுதானே..." என்றாள். பெரியவன் சப்பாத்து கடிக்கிறதாம், இந்தக் கிழமை வருகிறாளாம், வேறு என்னென்னவோ சொன்னாள். உள்ளித் தோல் மேசை முழுக்கக் காற்றில் பறந்தது.

வெப்சைட்... ஹஸ்மி அதை எப்படிக் கண்டுபிடித்தான் என்பதே ஒரு கதை. அவன் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களின் வெப்சைட்டுகளைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள், கிண்ணியாவில் கடைத்தெரு மாடியில் அந்த வேலைக்கு ஒரு கந்தோர், மனைவி றிஷானாவுக்கு முதல் பிள்ளை பிறந்த கிழமை, அவனுடைய உம்மாவும் ஹஜ்ஜுக்குப் போயிருந்த நேரத்தில், என்ன மீன் கொடுப்பது என்று தேடியிருக்கிறான், நான் எழுதியது வந்திருக்கிறது, அப்படியே காய்ச்சிக் கொடுத்தானாம். பிறகு ஒருநாள் போன் எடுத்தான், "அக்கா, உங்கட எழுத்து தங்கம், ஆனா கடை வைக்கத் தெரியாம வச்சிருக்கீங்க" என்றான். அப்போது நான் எல்லாவற்றையும் எழுதுவேன், பத்தியக் கறிக்குப் பக்கத்தில் முகப்பரு, அதற்குப் பக்கத்தில் தேங்காயெண்ணெய், ஒருநாள் ராசிபலன்கூடப் போட்டேன், வெட்கக்கேடு. அவன் எல்லாவற்றையும் தூக்கச் சொன்னான், ஒன்றை மட்டும் பிடியுங்கள், அதன் அடிவரைக்கும் போங்கள், ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு வழி வையுங்கள், மிளகைப் பற்றி வாசிக்கிறவள் அங்கிருந்தே மீனுக்குப் போகவேண்டும், மீனிலிருந்து பிள்ளையின் வயிற்றுப் பொருமலுக்குப் போகவேண்டும், வேறு இடத்துக்குத் தேடிப் போகத் தேவை வரக்கூடாது. மருந்து மாதிரி விசயம் என்றால் யார் சரி பார்த்தது என்று போடச் சொன்னான், எங்கள் பகுதிக்கு வருகிற மருத்துவமாதுவைக் கூப்பிட்டு வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், அவர் இரண்டு இடத்தில் திருத்தினார், கஷாயம் ஒன்றை எடுத்தே விடு என்றார், எடுத்தேன். ஒரு வருடம் இப்படிப் பாடுபட்டேன். தமிழில் பத்தியக் கறி என்று உலகத்தில் எங்கிருந்து தேடினாலும் முதலாவதாக நான் வந்தேன், நோர்வேயில் இருந்து, தோகாவிலிருந்து, வவுனியாவிலிருந்து, அக்கா பால் காணாது, அக்கா பிள்ளை அழுதுகொண்டே இருக்குது, அக்கா எனக்கு இங்கே ஒருத்தரும் இல்லை... அந்த 'அக்கா'வைக் கேட்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன், பிள்ளையின் பெயரைக் கேட்பேன், பெயர் தெரிந்தால் அடுத்தமுறை பெயர் சொல்லிச் சுகம் விசாரிப்பேன். எனக்கு இப்போது எத்தனை பிள்ளைகளின் பெயர் தெரியும்.

பிறகு விழுந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னர், காரணம் சொல்லாமல், முதலாவது இடத்திலிருந்த பக்கமெல்லாம் கீழே கீழே போய் நாலாவது திரைக்கும் அப்பால், மேலே வந்திருப்பது வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண்ணின் படத்தோடு யாரோ, அந்தப் பெண் சூரை மீனைக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாள், பத்தியத்தில் சூரையா, யாராவது கொடுப்பார்களா, ஆனால் அவளுக்கு முகம் இருக்கிறது. "அதுதான் அக்கா பிரச்சினை" என்றான் ஹஸ்மி, "உங்கட பக்கத்தில எழுத்து இருக்கு, ஆள் இல்ல. ஆரு சொல்றாங்க எண்டு தேடல் கேக்குது. பேர் வேணும், படம் வேணும், இவங்க இதுக்குள்ளால வந்தவங்க எண்டு தெரியணும்." இதுக்குள்ளால வந்தவள்... நான் எதற்குள்ளால் வந்தவள் என்று நிதுசனிடம் கேட்கவேண்டும், அவருக்குத் தெரியும், அவர் சொல்லமாட்டார்.

பாவம் நிதுசன், என் கணவர், துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை, பெரிய பெரிய கப்பல்களையெல்லாம் தள்ளிக் கரைசேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உறைப்பில்லாத சோறு. ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சேர்ட் தோய்க்கும்போதுதான் கண்டுபிடித்தேன், பொக்கற்றுக்குள் பச்சை மிளகாய், வேலை செய்கிற இடத்திலிருந்து கொண்டுவருகிறார், நான் தண்ணீர் எடுக்கத் திரும்புகிற நேரம் பார்த்து ஒரு கடி, கள்ளன். கையும் மெய்யுமாகப் பிடித்த அன்று இருவரும் நன்றாகச் சிரித்தோம், "என்ன செய்யிறது கீர்த்தி, இந்த வீட்டில பிள்ளை பெத்தது நான்தான் போல, பத்தியமெல்லாம் எனக்குத்தானே" என்றார். சொல்லி முடிக்கவில்லை, அவருக்கே தெரிந்துவிட்டது, சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்தார். நான் இன்னொரு அகப்பை கறி விட்டேன். அவருக்கும் ஆசை இருக்காதா, எனக்கு மட்டும்தானா, பத்து வருடமாகிறது, அவர் அந்த ஆசையை எந்தப் பொக்கற்றுக்குள் வைத்திருக்கிறார் என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அனுபவம் இல்லை என்று யார் சொன்னது, எனக்குக் கோபம் வருகிறது, யாரிடம் என்று தெரியாமல் கோபம்... லோஜனாவின் இரண்டு பிள்ளைப்பேற்றையும் இந்த வீட்டில் வைத்துப் பார்த்தவள் நான். அம்மா இல்லை, தாய்வீடு என்றால் அக்கா வீடுதான். முப்பத்தொரு நாள் கழியும்வரை துடக்கு, தீட்டு என்று வெளி ஆட்கள் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நானும் அவளும் பிள்ளையும்தான், என்ன ஒரு காலம் அது, விடியத் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆடாதோடை இலையும் பாவட்டை இலையும் போட்டு, அவளைக் குளிக்க வார்த்து, சாம்பிராணிப் புகை பிடித்து, கறி காய்ச்சி, அவள் சாப்பிட்டதற்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் என்ன தொடுப்பு என்று பார்த்துப் பார்த்து, ஓரா மீன் கொடுத்த அன்று பிள்ளை நன்றாக உறங்கினான், கத்தரிக்காய் ஒரு துண்டு அவள் களவாகத் தின்ற அன்று ஊரைக் கூட்டினான். பிள்ளை என் நெஞ்சில்தான் உறங்குவான், அவள் பால் கொடுத்துவிட்டுத் தந்துவிடுவாள், அவளுக்கு உறக்கம், எனக்கு எங்கே உறக்கம். ஒருநாள் பிள்ளை என் சட்டையைத் தேடி வாயால் உரசினான். அதை நான் எழுதவில்லை. எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. முப்பத்தொன்று முடிந்து வீடு கழுவி, ஐயர் வந்து போனபிறகு, லோஜனாவின் மாமி வந்து பிள்ளையை வாங்கினார், "காணும் கீர்த்தனி, நீ நல்லாக் கஷ்டப்பட்டிட்டாய், இனி ஆறுதலா இரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆறுதலாக இரு... அவர்கள் போன பிறகு இந்தக் குசினியில் மிளகும் நல்லெண்ணெயும் எத்தனையோ நாள் மணத்தது, நான் யன்னலைத் திறக்காமல் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அலுமாரிக்கு மேலே, பழைய பெட்சீட்டுக்குப் பின்னால், ஹோர்லிக்ஸ் போத்தல். லோஜனாவுக்கு முந்திய கதை அது, கல்யாணம் முடித்த மூன்றாம் வருடம், எனக்குத் தங்கியிருந்தது, ஐந்தாம் மாதம், வயிறு கொஞ்சம் தெரியத் தொடங்கியிருந்தது, கச்சான் காற்று நன்றாக அடிக்கிற காலம், மல்லி காய வைக்க அதைவிட நல்ல காலம் வராது, என்னால் பொறுக்க ஏலாமல் போய்விட்டது. பிள்ளை பிறந்த பிறகுதான் சரக்கு இடிக்கவேண்டும், முன்னமே இடித்து வைக்கக்கூடாது என்பார்கள், எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், தொட்டில்கூட வாங்கி வைக்கமாட்டார்கள். எனக்கு அது தெரியாதா, தெரியும், ஆனால் அம்மா இல்லை, இடித்துத் தர வேறு யாரும் இல்லை, நானே பெற்றுவிட்டு நானே எழும்பி இடிப்பதா என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி, ஓமம், மஞ்சள், எல்லாவற்றையும் முற்றத்தில் காய வைத்து, வறுத்து, இடித்து, அரித்து, போத்தலை வெயிலில் சுட வைத்து நிரப்பினேன். நிதுசன் பார்த்துக்கொண்டு நின்றார், "இவ்வளவு வேணுமோ" என்றார், "உங்களுக்கென்ன தெரியும், இதுவும் காணாது" என்றேன். பத்து நாள் கழியவில்லை. மருத்துவர், இதற்கும் நீங்கள் செய்த எதற்கும் தொடர்பில்லை அம்மா, சிலவேளை இப்படி நடக்கிறது என்றார், நம்பினேன், இப்போதும் நம்புகிறேன், தூள் இடித்ததால் பிள்ளை போகாது, நான் படித்தவள். ஆனால் போத்தல் நிறைய இருந்தது. அதை என்ன செய்வது.

அதைத்தான் முதன்முதலில் எழுதினேன், வெப்சைட் என்றால் என்னவென்று தெரியாமல், சும்மா இலவசமாகக் கிடைத்த ஒரு இடத்தில், பத்து வரி. 'சரக்குத் தூள் எத்தனை நாளைக்கு இருக்கும்?' யாரும் கேட்கவில்லை, நானே கேட்டு நானே பதில் சொன்னேன். காற்றுப் புகாத போத்தலில் ஈரக் கரண்டி படாமல் வைத்தால் ஒரு வருடம் கெடாது. முதலில் போவது மல்லியின் மணம். பிறகு சீரகம். மிளகு கடைசிவரை நிற்கும். ஒரு வருடத்துக்குப் பிறகு பாவிக்கவேண்டாம், எறிந்துவிடுங்கள். அவ்வளவுதான். மாதாமாதம் மூடியைத் திறந்து மணந்து பார்த்தவள் எழுதியது. லோஜனாவுக்குப் பிள்ளை பிறந்தபோது அதை எடுக்கவில்லை, புதிதாக இடித்தேன், அக்கா அந்தப் போத்தலில் இருக்குதே என்று அவளும் கேட்கவில்லை, சில விசயங்களில் என் தங்கச்சி என்னைவிட மூத்தவள்.

பத்தரைக் கப்பல் ஊதுகிறது, மத்தியானத்துக்கு அவர் வந்துவிடுவார், பெட்டி அப்படியே இருக்கிறது, இரண்டு பிள்ளைகளின் தாய், வாசிக்க வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. இருக்கட்டுமே, யாருக்கு நட்டம், நான் சொல்வது எதுவும் பொய்யில்லை, ஓரா நல்லது, சூரை கூடாது, அதைச் சொல்கிறவளுக்குப் பிள்ளை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இந்த வரி இருந்தால் மேலே வருவேன், மேலே வந்தால் அந்த வெள்ளைக் கோட்டுக்காரியின் சூரையை நோர்வேயில் ஒருத்தி தின்னாமல் இருப்பாள். எடுத்தால்... 'பிள்ளை இல்லாதவர்' என்று போட்டுப் பார், யார் வருவார்கள், அக்கா என்று எழுதுகிறவர்கள் அடுத்த நாள் எப்படி எழுதுவார்கள், பிள்ளையின் படத்தை அனுப்புவார்களா, கண் பட்டுவிடும் என்று நினைப்பார்களா, நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். எனக்கு அந்தப் படங்கள் வேண்டும். இதை வேறு எப்படிச் சொல்வது, எனக்கு அவை வேண்டும். விரல் பொத்தானில் இருந்தது, அமத்தியிருப்பேன், காலையில் தங்கேஸ்வரியக்காவிடம் ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்தவளுக்கு இன்னும் இரண்டு பெரிய காரியமா... ஆனால் அந்தப் பெட்டைக்குத் தலைமயிர் இருந்தது. இந்த இரண்டுக்கும் ஒன்றுமில்லை, ஹஸ்மி எழுதிய இரண்டுக்கும் முகமே இல்லை, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. போனை எடுத்தேன்.

"சொல்லுங்க அக்கா, அமத்திட்டீங்களா?" பின்னால் அவனுடைய பிள்ளை எதையோ போட்டுத் தட்டுகிற சத்தம், வீட்டில்தான் இருக்கிறான். "தம்பி, இதில ஒரு பிழை இருக்கு. எனக்குப் பிள்ளைகள் இல்லை." தட்டுகிற சத்தம் தூரமாகப் போனது, அவன் எழும்பி வெளியே வந்திருக்கவேண்டும். "மன்னிச்சுக்கங்க அக்கா" என்றான், "அல்லாஹ் பெரியவன்... நான் கேட்டிருக்கணும், றிஷானாகூட உங்களப் பத்தி அப்பிடித்தான்..." பரவாயில்லை தம்பி, பரவாயில்லை என்று நான்தான் அவனைத் தேற்றவேண்டியிருந்தது. நல்ல பிள்ளை, கொஞ்ச நேரம் எதையெதையோ சொன்னான், தொழில்காரன் அல்லவா, மெல்ல மெல்லத் தொழிலுக்குள் வந்துவிட்டான், அதுதான் எனக்கும் ஆறுதலாக இருந்தது. "அப்ப அனுபவம் எண்ட இடத்தில என்ன போடுறது அக்கா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிங்க, பிரச்சினையில்ல. எல்லாம் விழுந்தும் ஒண்டு மட்டும் விழல்ல தெரியுமா? அந்தத் தூள் எத்தன நாளைக்கு இருக்கும் எண்ட பக்கம். அசையவே இல்ல, எனக்கே விளங்குதில்ல. பத்து வரி, படமும் இல்ல, ஆனா வாறவங்க நாலஞ்சு நிமிசம் நிக்கிறாங்க அக்கா. பத்து வரியில நாலஞ்சு நிமிசம் என்னத்த வாசிக்கிறாங்க?" ஆர் வருகினம் தம்பி என்று கேட்டேன். "அது தெரியாது. ஆனா என்ன சொல்லித் தேடி வாறாங்க எண்டு பாக்கலாம், பாவிக்காத சரக்குத் தூள் என்ன செய்யிறது, திறக்காத சரக்குத் தூள், பழைய சரக்குத் தூள்... எங்கட வீட்டில ஒரு மாசத்தில முடிஞ்சிட்டு, றிஷானா காணாதெண்டு திரும்ப இடிச்சா. பிள்ளை கிடைச்ச வீட்டில அதை ஏன் பாவிக்காம வைக்கிறாங்க?" என்றான். ஏன் என்று எனக்கும் சட்டென்று தெரியவில்லை, தெரியாது தம்பி என்றே சொன்னேன், உண்மையாகத்தான் சொன்னேன், போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்ச் சட்டியை இறக்கி, கையில் அகப்பையோடு நின்றபோதுதான்...

பிள்ளை கிடைத்த வீட்டில் யார் வைப்பார்கள். முன்னமே இடித்தது நான் மட்டும்தான் என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாததை நான் ஒருத்திதான் அவசரப்பட்டுச் செய்தேன் என்று. எத்தனை பேர் இடித்திருக்கிறார்கள். தாய் இல்லாதவர்கள், வெளிநாட்டில் தனியே இருப்பவர்கள், சூட்கேசுக்குள் வைத்து ஊரிலிருந்து கொண்டுபோனவர்கள், பொறுக்க ஏலாதவர்கள்... அவர்கள் அக்கா என்று எழுதவில்லை, ஒன்றுமே எழுதவில்லை, வந்து அந்தப் பத்து வரிக்கு முன்னால் நாலைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார்கள், நான் இங்கே பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர்கள் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். சுறா வெந்து நல்ல பதத்தில் இருந்தது, படம் எடுக்கவில்லை. மேசைக்கு வந்து ஹஸ்மி எழுதிய இரண்டு பிள்ளைகளையும் அழித்தேன், அழிக்கும்போது மனது கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த இடத்தில் எழுதினேன், சரக்குத் தூளை நான் எனக்கென்று இடித்தேன், பாவிக்கக் கிடைக்கவில்லை. ஒரு அறிவித்தல் போலச் சின்ன வரி. இதைப் போட்டால் மேலே வருவேனா, இன்னும் கீழே போவேனா, தெரியாது. ஒழுங்கைக்குள் அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம், மானுக்கு ஹோன் அடிக்கிறார், படலையைத் திறக்கிறார், "என்ன கீர்த்தி, தங்கேஸ்வரியக்கா எனக்கு வாழ்த்துச் சொல்லுறா, லோஜனாவுக்கு என்ன நடந்தது?" என்று வாசலிலேயே கேட்கிறார், பொக்கற்றில் கை, மிளகாய் இருக்கிறது போல. "வாங்கோ, சொல்லுறன்" என்றேன். கண் மட்டும் அலுமாரிக்கு மேலே போனது. ஒரு வருடத்துக்குப் பிறகு எறிந்துவிடுங்கள் என்று எவ்வளவு திடமாக எழுதி வைத்திருக்கிறேன், அவர்கள் அந்த வரியில்தான் நிற்கிறார்கள், நாலைந்து நிமிடமும் அதில்தான், எப்படி எறிவது என்று அங்கே ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியாது.